அரை டியூப்

விடிய இன்னும் நேரமிருந்தது. தகரக் கொட்டகைக்குள் அறுபது மாடுகள் விட்ட மூச்சு ஆவியாகி, விளக்குகளைச் சுற்றி அழுக்குத் துணி போலத் தொங்கியது. சாணி, மூத்திரம், புளித்த தீவனம், இவற்றோடு கொஞ்ச நாளாக இன்னொரு வாடையும் சேர்ந்திருந்தது. சீழ் வாடை. எட்டுக் கறவைக்காரர்களும் அதை மூக்கில் வாங்கிக்கொண்டார்கள். வாயால் யாரும் சொல்லவில்லை.

ஐந்தாவது வரிசையில் குந்தியிருந்தவனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கிறது. கொட்டகையில் அவன் பெயர் 'சந்தேகம்'. தேநீர்க் கடையில் டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத்தான் குடிப்பான். பஸ்ஸில் ஏறினால், டிரைவருக்குக் கண் நன்றாகத் தெரியுமா என்று கண்டக்டரிடம் விசாரிப்பான். "எங்கம்மாகிட்டயே, 'இது உங்க சொந்தப் பொண்ணுதானா'ன்னு கேட்டுட்டுத்தான் என்னைக் கட்டினாரு" என்று அவன் மனைவி பால் கேன் கழுவும் இடத்தில் சொல்லிச் சிரிப்பாள்.

வேலை இதுதான். மடியைத் துணியால் துடைக்க வேண்டும். காம்புக்கு மூன்று பீச்சல் கறுப்புத் தட்டில் விட்டுப் பார்க்க வேண்டும். பால் தட்டில் வழுக்கி ஓடினால் எந்திரத்தின் நான்கு குவளைகளையும் காம்புகளில் மாட்டலாம். திரி திரியாக நின்றால் மடிநோய். குந்தி, துடைத்து, பீச்சி, மாட்டி, எழுந்து, அடுத்த மாட்டுக்கு நகர்ந்து மறுபடியும் குந்த வேண்டும். நாற்பது வயதிலேயே முழங்கால் கிழவன் மாதிரி முனகும். துடைக்கிற துணி ஒரு வரிசைக்கு ஒன்று. ஏழாவது மாட்டுக்கு வரும்போது அது துணியா, மிதியடியா என்று மாட்டுக்கே விளங்காது.

அன்று ஏழாவது மாட்டின் காம்பைத் தொட்டதும் அது உதைத்தது. மடியின் பின்பக்கம் இறுகிப்போய், அடுப்பிலிருந்து இறக்கிய கல் மாதிரி சுட்டது. தட்டில் விழுந்தது பால் அல்ல. மஞ்சள் தண்ணீரில் மிதக்கும் திப்பி.

"இன்னொண்ணா?" பக்கத்து வரிசையிலிருந்து குரல் வந்தது.

"இன்னொண்ணுதான்."

"இந்த வாரத்துல இதோட பதினேழு." மாட்டு வயிற்றுக்கு அடியில் வெந்நீரக்காவின் முகம் தெரிந்தது. கழுவுகிற தண்ணீரைச் சூடாக்கும் எந்திரத்தைச் சிக்கனம் என்று நிறுத்தியதிலிருந்து அவள் தினம் ஒரு தடவை வெந்நீர் கேட்கிறாள். வெந்நீர் வரவில்லை, பெயர் வந்துவிட்டது. அவளுடைய வலது ஆள்காட்டி விரலில் துணி சுற்றியிருந்தது. அந்த விரலை மடக்காமலே குவளையை மாட்டினாள்.

மேற்பார்வையாளர் டியூப் பெட்டியோடு வந்தார். அவர் நடை எப்போதும், பின்னால் யாரோ படம் பிடிக்கிறார்கள் என்பது போலவே இருக்கும்.

"பாதி டியூப் போடு. மீதிய அடுத்த காம்புக்கு வை. நாளன்னிக்குப் பால் தெளிஞ்சா நிறுத்திரு."

"பெட்டியில முழுசாப் போடணும், அஞ்சு நாள் போடணும்னு படம் போட்டிருக்குங்களே" என்றாள் அக்கா.

"பெட்டிக்காரன் விக்கறவன். அப்படித்தான் போடுவான். நீ டாக்டருக்குப் படிச்சியா?"

"இல்லீங்க. நீங்க?"

எட்டு வரிசையிலும் இருமல் கேட்டது. சிரிப்பை இருமலாக மாற்றும் வித்தை அந்தக் கொட்டகையில் எல்லோருக்கும் தெரியும்.

அந்த அரை டியூப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மெல்லிய மூக்குள்ள பிளாஸ்டிக் ஊசிக் குழாய் அது. ஒரு காம்புக்குள் மூக்கை நுழைத்துப் பாதியை அமுக்கியபின், அதே மூக்கோடு அடுத்த மாட்டுக்குப் போகும். நோயும் சிரமமில்லாமல் கூடவே போகும். போகிற வழியில் சில அரை டியூப்கள் சட்டைப் பைக்குள் இறங்குவதும் உண்டு. தண்ணீரில் ஊறி வெடித்த விரல்களுக்கு அதைத் தடவிக்கொள்வார்கள். மாட்டுக்கு ஆகிற மருந்து மனுஷனுக்கு ஆகாதா என்ன! எட்டுப் பேருடைய கைமருந்தும் அதுதான். திருட்டு என்று யாரும் நினைத்ததில்லை. மருந்து என்றும் சரியாக நினைத்ததில்லை.

*

அதே வாரத்தில் பால் கம்பெனி ஒரு லாரிப் பாலைத் திருப்பி அனுப்பிவிட்டது. சோதனையில் கிருமியும் இருந்ததாம், மருந்தும் இருந்ததாம். இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் பக்கத்துப் பக்கத்தில் இருந்தனவாம்.

முதலாளி கூட்டம் போட்டார். "நாம எல்லாரும் ஒரே குடும்பம்" என்று ஆரம்பித்தார். குடும்பத்தில் அவர் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் தலைக்குமேல் 'தூய்மைச் செம்மல்' என்ற பட்டம் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. அதைக் கொடுத்த சங்கத்துக்கு அவரே தலைவர்.

"நம்ம குடும்பத்துக்குள்ள ஒரு துரோகி இருக்கான். மாடு தானா நோவுல படுக்காது. யாரோ ஒருத்தரோட கை செய்யிற வேலை இது. கண்டுபிடிப்பேன்."

அதற்குப் பிறகு கொட்டகையில் பேச்சு குறைந்தது. ஒருவர் வாளியை இன்னொருவர் தொட்டால் முறைத்தார்கள். ஒட்டடைக்கம்பு என்று பெயரெடுத்த நெட்டையன், தன் துணியைத் தனியாகக் காயப்போட்டு அதற்குக் காவலும் இருந்தான். சந்தேகத்துக்கோ, ஊரே தன் வழிக்கு வந்துவிட்டது போல ஒரு பெருமை.

இரண்டு நாள் கழித்து முதலாளி அவனை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். "உக்காரு" என்று நாற்காலியைக் காட்டினார். பதினாலு வருஷத்தில் முதல் தடவை. அவன் விளிம்பில் உட்கார்ந்தான்.

"இந்தக் கும்பல்லயே கண்ணு திறந்திருக்கிற ஆளு நீ ஒருத்தன்தான்னு கேள்விப்பட்டேன். சொல்லு. யாரு கையில புண்ணு இருக்கு?"

புகழ்ச்சியையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்திருக்க வேண்டும். அன்று பார்க்கவில்லை.

"வெந்நீரக்கா கையில... சீழ் வச்ச மாதிரி இருக்குங்க. டியூப் மருந்த எடுத்துப் போட்டுக்கறாங்க."

சொன்னது பொய்யில்லை. சொல்லாமல் விட்டதுதான் பெரிது. அந்த டியூப்பை அவளுக்குக் கொடுத்ததே இவன்தான். தகரக் கதவின் விளிம்பு அவள் விரலை வெட்டிய அன்று, தன் சட்டைப் பையிலிருந்து எடுத்து, "போடுக்கா, ரெண்டு நாள்ல காஞ்சிரும்" என்று நீட்டியவன் இவன். காயவில்லை. சுகாதார நிலையத்தில் இரண்டு வகை மாத்திரை கொடுத்துப் பார்த்துவிட்டு, சீழைச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள்.

மறுநாள் மேற்பார்வையாளர் அவளிடம் ஒரு காகிதம் நீட்டினார். தன் கையில் இருந்த தொற்றை மறைத்து வேலை செய்ததாகவும், மாடுகளுக்கு நோய் வந்தது தன்னால்தான் என்றும் அவள் ஒப்புக்கொள்கிறாளாம். கையெழுத்துப் போட்டுவிட்டு, வெள்ளிக்கிழமைக்குள் கொட்டகைக்குப் பின்னால் எட்டுக் குடும்பமும் இருக்கிற குடியிருப்பில் தன் அறையைக் காலி செய்ய வேண்டுமாம். அந்தக் காகிதத்தைக் கம்பெனிக்குக் காட்டினால் மறுபடியும் பால் எடுத்துக்கொள்வார்கள். போட மறுத்தால் போலீஸ், திருட்டு வழக்கு.

"டியூப் எடுத்தத யாரு சொன்னது?" என்று அவள் கேட்டாள்.

"காத்துக்குக் காது இருக்கு."

அவள் எட்டு வரிசையையும் ஒரு தடவை பார்த்தாள். சந்தேகம் அந்த நேரம் பார்த்து மாட்டு வாலை ஆராய்ந்துகொண்டிருந்தான்.

*

புதன்கிழமை மாட்டு டாக்டரம்மா வந்தார். அலுவலகத்தில் முதலாளி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். முதலாளியின் செருப்பு வாசலில் இருந்தது. டாக்டரம்மா நேரே கொட்டகைக்கு வந்து ஏழாவது மாட்டின் மடியை அமுக்கிப் பார்த்தார்.

"நான் குடுத்த காகிதத்த உங்களுக்குப் படிச்சுக் காட்டினாங்களா?"

"எந்தக் காகிதமுங்க?" என்றான் சந்தேகம். அவருடைய பையையும் ஒரு பார்வை பார்த்தான். மருந்துக் கம்பெனி ஆளாக இருக்குமோ?

"போன மாசம் இருபதாந் தேதி சோதனைக்குப் பால் மாதிரி எடுத்துட்டுப் போனேன்ல? அதோட முடிவு." பையிலிருந்து நகலை எடுத்தார். பத்து மருந்துகளின் பெயர். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு எழுத்து. ஒன்பதுக்கு ஒரே எழுத்து; பத்தாவதுக்கு மட்டும் வேறு. "இந்த ஒன்பது மருந்தும் இங்க இருக்கிற கிருமியக் கொல்லாது. நீங்க போடற டியூப்பும் இதுல சேத்தி."

"கிருமிக்கு அவ்வளவு தெம்பு எப்படி வந்ததுங்க?"

"நீங்கதான் குடுத்தீங்க. அரை டியூப், ரெண்டு நாள். பலவீனமான கிருமி செத்துச்சு. மிச்சம் நின்னது மருந்தப் பழகிக்கிச்சு, பெருகிச்சு. ஒரே துணி, ஒரே மூக்குன்னு அடுத்த மாட்டுக்கும் போயிருச்சு."

அவன் கையிலிருந்த துணியைத் திருப்பிப் பார்த்தான். பிறகு, வேறு யாருக்காகவோ கேட்பவன் போல, "மனுஷக் கைக்கும் போகுங்களா?" என்றான்.

"வெட்டுக் காயம் இருந்தா போகலாம். எதுக்குக் கேக்கறீங்க?"

"சும்மாத்தாங்க."

டாக்டரம்மா அவனை உற்றுப் பார்த்தார். "இதோட நகல் யார் கேட்டாலும் குடுப்பேன். இதுவரைக்கும் யாரும் கேக்கல."

"நான் கேக்கறேங்க."

அன்று மத்தியானம் சுகாதார நிலையத்திலிருந்து அக்காவின் சீட்டும் வந்தது. அதை அவள் தன் அறை ஜன்னல் மாடத்தில் வைத்திருந்தாள். அவள் இல்லாத நேரம் பார்த்துச் சந்தேகம் அதை எடுத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்த்தான். எழுத்துக் கூட்டித்தான் படிப்பான். ஆனாலும் பத்து மருந்தில் ஒன்பதுக்கு எதிரே அதே எழுத்து நிற்பதைப் பார்க்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. மாட்டுக் காகிதத்தில் போன மாதம் இருபதாம் தேதி. அவள் விரல் வெட்டுப்பட்டது இந்த மாதம் பதினொன்று. அந்தத் தேதி உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி அவள். அவள் சொன்னால் யாரும் நம்பப்போவதில்லை. இன்னொருவன், அன்று டியூப் கொடுத்தவன்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னான். அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"காய்ச்சின பாலையே ரெண்டு தடவ மோந்து பாக்கற ஆளு நீங்க. முதலாளி காட்டின நாற்காலிய மட்டும் மோந்து பாக்கலியா?"

"இப்ப என்ன பண்றது?"

"என்கிட்ட ஏன் கேக்கறீங்க? வாயால பண்ணினதுதானே. வாயாலேயே போய்ச் சரி பண்ணுங்க."

*

சாயங்காலக் கறவை முடிந்து எட்டுப் பேரும் தண்ணீர்த் தொட்டியில் கைகால் கழுவிக்கொண்டிருந்தபோது அவன் சொன்னான். நாற்காலியிலிருந்து ஆரம்பித்து, டியூப், தேதி, காகிதம் எல்லாவற்றையும் சொன்னான்.

முதலில் ஒட்டடைக்கம்பு வெடித்தான். "அடப்பாவி! நாலு நாளா எங்கூட உக்காந்து டீ குடிச்சியே! நான் என் துணிக்குக் காவல் இருக்கிறப்ப நீதான்யா துணிக்குள்ள இருந்திருக்க!" இன்னொருத்தி அவன் வம்சத்தையே இழுத்துத் திட்டினாள். வாளி ஒன்று பறந்து வந்தது. அவன் நகரவில்லை, வாளிக்குத்தான் குறி தவறியது.

வெந்நீரக்கா கடைசியாகப் பேசினாள். "இந்த விரலுக்கு நீ மருந்து குடுத்தப்ப, உன்னைத் தம்பின்னு நெனச்சேன்."

"தெரியும்க்கா."

"தெரிஞ்சும் சொன்னியே."

பதிலுக்குக் காத்திராமல் அவள் தொட்டியின் சுவரில் உட்கார்ந்து, விரல் துணியை அவிழ்த்துக் காட்டினாள். விரல் ஊதிச் சிவந்து, நகக்கண்ணில் மஞ்சள் நின்றது. திட்டிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டு, தம் தம் கைகளைப் பார்த்துக்கொண்டார்கள். யார் கையில் வெடிப்பு இல்லை? யார் பையில் அரை டியூப் இல்லை?

"வேலைய நிறுத்திரலாம்" என்றான் ஒட்டடைக்கம்பு. "நாளைக்கு ஒரு காம்பு தொடக் கூடாது."

"மாடு என்ன பாவம் பண்ணிச்சு?" என்றாள் அக்கா. "ஒரு வேளை கறக்கலேன்னா நல்ல மடியும் கல்லாயிரும். முதலாளிக்கு வலிக்காது, அதுகளுக்குத்தான் வலிக்கும்."

"அப்ப என்னதான் பண்றது?"

சந்தேகம் மெதுவாக வாயைத் திறந்தான். திறக்கும் உரிமை தனக்கு இருக்கிறதா என்ற சந்தேகத்தோடுதான். "கொட்டகை வாசல்ல ஒரு போர்டு இருக்கு, யாராச்சும் படிச்சிருக்கீங்களா?"

யாரும் படித்ததில்லை. அதிகாரிகள் பார்வைக்கு வருகிற நாளில் மட்டும் அதைத் துடைப்பார்கள். போய்ப் படித்தார்கள். மருந்து போட்ட மாட்டின் காலில் சிவப்பு நாடா கட்ட வேண்டும். நாடா கட்டிய மாட்டைக் கடைசியில் கறக்க வேண்டும். அதன் பால் தொட்டிக்குப் போகக் கூடாது. ஒவ்வொரு மாட்டுக்கும் தனித் துணி. குவளைகளை வெந்நீரில் கழுவ வேண்டும்.

"வெந்நீர்னு எழுதியே வச்சிருக்காங்கடி!" என்று அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். பத்து நாளில் அவள் சிரித்தது அப்போதுதான்.

*

வியாழக்கிழமை விடியலில் கறவை வழக்கம்போலத்தான் தொடங்கியது. ஒரே ஒரு வித்தியாசம், பழைய சிவப்புப் பாவாடை ஒன்று நாடா நாடாவாகக் கிழிந்து முப்பத்தொன்பது மாட்டுக் கால்களில் ஏறியிருந்தது. அந்த மாதம் அரை டியூப்பாவது ஏறிய மாடுகள் அவை. இருபத்தொரு மாட்டுப் பால் மட்டும் தொட்டிக்குப் போனது. மற்றதைக் கறந்து வாளி வாளியாகக் குழியில் கொட்டினார்கள். வெந்நீருக்கு வெளியே கல் கூட்டி அடுப்பு மூட்டியிருந்தார்கள்.

முதலாளி பனியனோடு ஓடி வந்தார். தூய்மைச் செம்மலை அந்தக் கோலத்தில் மாடுகள்கூடப் பார்த்ததில்லை.

"யாரக் கேட்டு நாடா கட்டினீங்க?"

"போர்டக் கேட்டுங்கய்யா" என்றான் ஒட்டடைக்கம்பு.

"டேய், அந்த போர்டு பார்வைக்கு வர்றவங்களுக்கு!"

"நாங்களும் பாத்துட்டோங்கய்யா."

முதலாளி அக்காவிடம் திரும்பினார். "எல்லாம் உன் வேலையா? உன் கையிலேருந்து வந்த நோவுக்கு என் பாலக் குழியில ஊத்தறியா?"

சந்தேகம் எழுந்தான். முழங்கால் முனகியது. "விரல் வெட்டுப்பட்டது பதினொண்ணாந் தேதிங்க. மருந்து குடுத்தது நானு. மாட்டுல இந்தக் கிருமி இருக்குன்னு டாக்டரம்மா எடுத்தது அதுக்கு மூணு வாரம் முன்னாடி. வெட்டுப்படாத விரல்லேருந்து நோவு வருமாங்கய்யா? அந்தக் காகிதம் உங்க மேஜையில இருக்கு. நகல் எங்ககிட்ட இருக்கு. கம்பெனிக்கும் ஒண்ணு போகும்."

முதலாளியின் முகத்தில் ஒரு கணம் எதுவுமில்லை. பிறகு மெல்ல ஒரு சிரிப்பு வந்தது. அவர் மற்றவர்களைப் பார்த்துப் பேசினார்.

"இவன் பேச்சக் கேட்டா ஆடறீங்க? இவ பேர என்கிட்ட வந்து சொன்னதே யாரு தெரியுமா? இதோ நிக்கிறானே, இவன்தான். உங்க எல்லாருக்கும் நடுவுல உக்காந்து காட்டிக் குடுத்தவன் இவன்தான்!"

வரிசையில் யாரும் கறவையை நிறுத்தவில்லை.

"தெரியுமுங்கய்யா" என்றான் ஒட்டடைக்கம்பு. "நேத்தே சொல்லிட்டாரு. நாங்க திட்டியும் முடிச்சிட்டோம்."

"வாளியாலயும் ஒண்ணு விட்டேன்" என்றாள் இன்னொருத்தி. "படல."

முதலாளியிடம் அதற்குமேல் சரக்கு இல்லை. அக்கா விரலைத் தூக்கிப் பிடித்தாள். "கையெழுத்துப் போட மாட்டேன். இந்த வேலையில வந்த புண்ணு இது. வைத்தியம் நீங்க பாக்கணும். டியூப் முழுசா, அஞ்சு நாளும், டாக்டரம்மா சொல்ற மருந்து மட்டும். வெந்நீர். கையுறை. அதுவரைக்கும் போர்டுல இருக்கிறபடிதான் கறப்போம்."

"நாளைக்கு வெள்ளிக்கிழமை. ரூமுல உன் சாமான் ஒண்ணு இருக்கக் கூடாது" என்றார் முதலாளி. வெளியாள் வைத்துக் கறந்துகொள்வேன் என்றும் சொன்னார். போகும்போது சாணியில் வழுக்கினார். யாரும் சிரிக்கவில்லை, எட்டுப் பேருக்கும் ஒரே நேரத்தில் இருமல் வந்தது.

வெள்ளிக்கிழமை காலை, கறவை முடிந்த கையோடு, மேற்பார்வையாளர் புதுப் பூட்டோடும் இரண்டு ஆட்களோடும் குடியிருப்புக்குப் போனார். அக்காவின் அறைக் கதவைத் தள்ளினார். அது பாதிதான் திறந்தது. பத்தடிக்குப் பத்தடி அறையில் எட்டுக் குடும்பத்துப் பாய், பெட்டி, அண்டா, கொடிக்கயிற்றுத் துணி, தொட்டில், ஓடாத மின்விசிறி, எல்லாம் கூரைவரை ஏறியிருந்தன. நடுவில் எஞ்சிய ஒரு முழ இடத்தில் சந்தேகத்தின் மனைவி உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"இதுல அவ சாமான் எது?" என்றார் மேற்பார்வையாளர்.

"தெரியலீங்களே. எல்லாம் கலந்துருச்சு."

"எல்லாத்தையும் தூக்கி வெளியில எறிவேன்."

"எறிங்க. எட்டு வீட்டையும் ஒரே நாள்ல காலி பண்ணினதா ஆகும். சாயங்காலம் அறுபது மாட்டையும் நீங்களும் முதலாளியுமா உக்காந்து கறந்துக்கலாம். குந்தத் தெரியுமில்ல?"

கூட வந்த இரண்டு ஆட்களில் ஒருவன் கொட்டகைப் பக்கம் பார்த்தான். பிறகு தன் உள்ளங்கையைப் பார்த்தான். அவனும் வேறொரு இடத்தில் கறவைக்காரனாக இருந்தவன்தான். "நான் வரலீங்க" என்று சொல்லிவிட்டு, வந்த வழியே நடந்தான். மற்றவன் அண்டாவை ஒரு தரம் தூக்கிப் பார்த்து, கனத்தது என்று கீழே வைத்தான்.

எதுவும் முடியவில்லை. வெந்நீர் எந்திரம் இன்னும் ஓடவில்லை. பத்தாவது மருந்து அக்காவுக்குக் கேட்குமா என்பது இரண்டு வாரம் கழித்துத்தான் தெரியும் என்று சுகாதார நிலையத்தில் சொல்லிவிட்டார்கள். முதலாளி வக்கீலைப் பார்க்கப் போயிருப்பதாகப் பேச்சு. டாக்டரம்மாவின் நகல் கம்பெனிக்குப் போய்விட்டது; பதில் இல்லை.

சாயங்காலம் அக்கா ஊசி போட்டுக்கொண்டு வரக் கிளம்பினாள். கேன் கழுவுகிற பெண் ஒருத்தி துணைக்குப் போனாள். கறவை மணி அடித்தபோது அக்காவின் ஆறாவது வரிசை ஆளில்லாமல் கிடந்தது. யாரும் சொல்லவில்லை, ஏழு பேரும் தம் தம் வரிசையில் ஒரு மாடு முடிந்ததும் எழுந்து, முறை வைத்து அங்கே போய்க் குந்தினார்கள். நாடா மாடுகளின் முறை வந்தபோது சந்தேகம் அவளுடைய மாடு ஒன்றின் மடியைப் புதுத் துணியால் துடைத்து, மூன்று பீச்சல் விட்டு, தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான்.

"என்னய்யா, எப்படி இருக்கு?" பக்கத்திலிருந்து ஒட்டடைக்கம்பு கேட்டான்.

"இன்னும் திரியாத்தான் இருக்கு" என்றான் அவன். "நாடாவ இறுக்கிக் கட்டு. நாளைக்கும் பாப்போம்."